தேதி போட்ட உரிமம்

பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் என் வேலையில் பெரும்பகுதி ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது. ஆய்வகத்தில் புதிதாக ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ உருவானால், ரகசியம் வெளியே போகாத அளவுக்கு அதைச் சுருக்கி எழுதி, 'உரிமம் பெறலாம்' என்று மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புவோம். தலைப்பில் 'புதிய சிகிச்சை' என்று இருக்கும். உள்ளே படித்தால் எலியின் உடம்பில் கட்டி சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். மனித உடம்புக்குள் அந்த மருந்து ஒரு துளிகூடப் போயிருக்காது.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எலியிலிருந்து நோயாளி வரை உள்ள தூரத்தைக் கடக்கப் பல்கலைக்கழகத்திடம் பணமும் கிடையாது, ஆட்களும் கிடையாது. யாராவது ஒரு நிறுவனம் எடுத்துச் செய்ய வேண்டும். அந்த யாராவதைத் தேடிப் பிடித்து, எழுத்தில் கட்டிப்போடுவதுதான் எங்கள் பிழைப்பு.

முதல் சிக்கல் நேரம். ஆய்வாளர்கள் எங்களைத் தேடி வருவது பெரும்பாலும் மாநாட்டுக்கு முந்தைய வாரம். "அடுத்த வாரம் பேசப்போகிறேன், காப்புரிமைக்கு ஏதாவது மனு போடணுமா?" என்பார்கள். போட வேண்டும், அதுவும் இன்றைக்கே. மேடைப் பேச்சோ, சுவரில் ஒட்டிய விளக்கப்படமோ, நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஆய்வேடோ முந்திக்கொண்டு வெளிவந்துவிட்டால், ஐரோப்பாவில் காப்புரிமை அநேகமாக முடிந்த கதை. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. மாநாட்டுச் சுருக்கம் ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பேசப்போகும் தேதியையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

மனு போட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடும். 12 மாதத்துக்குள் சர்வதேச மனு. முதல் மனுவிலிருந்து 30 மாதம் ஆகும்போது, பெரும்பாலான நாடுகளில் தனித்தனியாகக் கட்டணம், மொழிபெயர்ப்பு, உள்ளூர் வக்கீல். அந்தச் செலவுக் கணக்கைப் பார்த்ததும் மேலிடம் கேட்பது ஒன்றுதான்: எடுக்க ஆள் இருக்கிறதா? உயிரியலுக்கு இந்த அட்டவணையெல்லாம் தெரியாது. ஒரு மூலக்கூறு ஈரலைக் கெடுக்குமா கெடுக்காதா என்று தெளிவாகவே அதைவிட அதிக நாள் பிடிக்கலாம். ஆள் கிடைக்காமல் மனுக்கள் கைவிடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்த மூலக்கூறு எல்லோருக்கும் பொது. ஆனால் காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத மருந்தில் யாரும் பணம் போட மாட்டார்கள்.

நிறுவனத்துக்காரர்கள் பேச வந்தால், மருந்து வேலை செய்யுமா என்று எடுத்தவுடனே கேட்பதில்லை. வேறொரு ஆய்வகம் இதைத் திரும்பச் செய்து பார்த்ததா? காப்புரிமை மூலக்கூறுக்கா, பயன்பாட்டுக்கு மட்டுமா? இந்த இரண்டாவது கேள்வியில் விழுபவை ஏராளம். மலிவான பழைய மருந்து ஒன்று புதிதாக வேறொரு நோய்க்கும் உதவும் என்று ஒருவர் கண்டுபிடித்து வருவார். அருமையான ஆய்வாக இருக்கும். ஆனால் எங்கும் கிடைக்கும் மாத்திரையை மருத்துவர் தாராளமாக எழுதிக்கொடுக்கலாம் என்றால், கோடிகளைக் கொட்டிச் சோதனை நடத்தும் நிறுவனத்துக்கு என்ன லாபம்? அந்தக் கோப்புகளை மூடும்போது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வரும். விஞ்ஞானத்தில் குறையில்லை, கணக்கில்தான் உதைக்கிறது.

பேராசிரியர்களுக்கு வேறொரு கணக்கு. பிரீகாபலின் என்ற நரம்புவலி மருந்துக்கான ராயல்டியில் ஒரு பகுதியை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2007இல் 70 கோடி டாலருக்கு விற்றது. இந்தத் தொகை எப்படியோ எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே வேதியியலாளர் ரிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வகத்தில் அந்த மூலக்கூறு உருவானது 1980களின் இறுதியில், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004இல் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். எந்த நொதியை மனதில் வைத்து வடிவமைத்தார்களோ, மருந்தின் பலன் அதன் வழியாகக்கூட வரவில்லை. நரம்பணுக்களின் கால்சியம் வாயிலில் போய் ஒட்டித்தான் வேலை செய்கிறது. நடுவே யாராவது "நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை" என்று கோப்பை மூடியிருந்தால் அந்த மருந்தே இல்லை.

பணத்தைவிட எழுத்துதான் முக்கியம் என்று எனக்கு உறைக்க வைத்தது ஸ்டாவுடின் கதை. 1960களில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்காக உருவாக்கிய மூலக்கூறு அது. அந்த நோய்க்குப் பயன்படவில்லை. எச்ஐவிக்கு உதவும் என்று பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கு, வேறு யாருக்கும் இல்லாத தனியுரிமமாகக் கொடுத்தார்கள். 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தென்னாப்பிரிக்காவில் மலிவான நகல் (ஜெனரிக்) மருந்தைப் பயன்படுத்த விடுங்கள் என்று யேலிடம் கேட்டது. உரிமத்தைக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் இல்லை என்பதுதான் முதலில் வந்த பதில். மாணவர்கள் கிளம்பினார்கள். கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் புருசாஃப் அவர்கள் பக்கம் நின்றார். கடைசியில் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்து, விலையையும் குறைத்தது. நல்லபடியாக முடிந்தது, சரி. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றே ஏழை நாடுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தால், இவ்வளவு போராட்டம் தேவைப்பட்டிருக்காதே! 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து வெளியிட்ட ஒன்பது அம்ச அறிக்கையில் இந்த விஷயமும் இடம்பெற்றது.

நான் அதிகம் சண்டை போடுவது இன்னொரு பத்திக்காக: எடுத்தவர் வேலை செய்தே ஆக வேண்டும் என்பதற்காக. நிறுவனத்து வக்கீல் 'வணிகரீதியில் நியாயமான முயற்சி எடுக்கப்படும்' என்று எழுதி அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, போட்டியாளர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் ஒருவகை முயற்சிதான் என்று வாதாடலாம். அதனால் தேதி கேட்போம். விலங்குச் சோதனை எப்போது முடியும், மனிதச் சோதனைக்கு அனுமதி எப்போது கேட்பார்கள், முதல் நோயாளிக்கு எந்த ஆண்டு மருந்து போகும்? தவறினால் உரிமம் திரும்பிவிடும். முன்பணத்தில் பாதியை விட்டுக்கொடுத்தாவது இந்தத் தேதிகளை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. அலுவலகத்தில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. முன்பணம் இந்த ஆண்டுக் கணக்கில் ஏறும், நோயாளி ஏறமாட்டார்.

ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தபோது எங்கள் மூலக்கூறு அப்படித்தான் அலமாரிக்குப் போனது. ஆண்டறிக்கையில் 'முன்னுரிமைகள் மறுபரிசீலனையில் உள்ளன' என்று ஒரே வரி, அடுத்த ஆண்டும் அதே வரி. ஒப்பந்தத்தில் தேதி இருந்ததால் உரிமத்தைத் திரும்ப வாங்க முடிந்தது. அவர்கள் செய்த சோதனைகளின் தரவுகளையும் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அது இல்லையென்றால் வெறும் காப்புரிமைத் தாள் மட்டும்தான் கைக்கு வந்திருக்கும், அதுவும் 20 ஆண்டு ஆயுளில் நல்லதொரு பகுதி கரைந்த பிறகு. நச்சுத்தன்மை அறிக்கைகள் பெட்டி பெட்டியாக வந்தன. அப்புறம் ஒரு சிறிய நிறுவனம் எடுத்திருக்கிறது. சோதனைக்காகத் தயாரித்து வைத்திருந்த மருந்துக்குக் காலாவதித் தேதி கடந்துவிட்டதால், இப்போது புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.