திலதைப்பதியில் சொன்ன பெயர்கள்

திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்கு அருகே அரசலாற்றங்கரையில் உள்ள சிற்றூரை ஊர்மக்கள் செதலபதி என்கிறார்கள். திருஞானசம்பந்தர் பதிகத்தில் அது திலதைப்பதி. கோயிலின் பெயர் மதிமுத்தம். முக்தீசுவரரும் பொற்கொடியம்மையும் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தை, இராமபிரான் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைத்த இடம் என்பதால் திலதர்ப்பணபுரி என்றும் அழைப்பார்கள். இங்கே சூரியனும் சந்திரனும் ஒன்றாக எழுந்தருளியிருப்பதால் எல்லா நாளும் அமாவாசைதான், நித்திய அமாவாசை என்பது தல வழக்கு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் நிற்க இடமிராது என்பதால், மகாளய பட்சத்தில் கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து அக்காவும் நானும் சென்றோம். அப்பாவும் அம்மாவும் தங்கள் பெற்றோருக்காக ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த கோயில் இது.

கோயிலுக்கு வெளியே தனிச் சந்நிதியில் ஆதி விநாயகர் யானை முகமின்றி மனித முகத்துடன் அமர்ந்திருக்கிறார். அம்மா இவரிடம் மற்ற இடங்களைவிடக் கூடுதல் நேரம் நிற்பார். இந்தப் பிள்ளையாரைப் பார்த்தால் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் இருக்கிறது என்று சொல்வார்.

இராமன் பல இடங்களில் தந்தைக்குப் பிண்டம் வைத்தும் அது ஏற்கப்படாமல் போக, இங்கு வந்து சிவபெருமானை வேண்டி வைத்தபோது பிண்டங்கள் நான்கும் லிங்கங்களாயின என்கிறது தலபுராணம். அந்த நான்கு லிங்கங்களையும், மண்டியிட்டு வணங்கும் இராமனையும் இன்றும் திருச்சுற்றில் தரிசிக்கலாம். இக்கதையைக் கேட்டுப் பலரும் பித்ரு தோஷம் நீங்க வேண்டும் என்ற அச்சத்தோடு இங்கே வருகிறார்கள். அவர்கள் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை நம் காலில் முள் தைத்தால் துடித்தவர்கள், போன பின்பு நமக்குத் தோஷமாக வந்து நிற்பார்கள் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. இராமனும் தோஷத்துக்கு அஞ்சி எள்ளைக் கையில் எடுத்தவன் அல்லன். தந்தையின் உயிர் பிரிந்த நேரத்தில் அவன் சித்திரகூடத்தில் இருந்தான். பரதன் வந்து சொல்லித்தான் செய்தி தெரிந்தது. அருகில் இருக்க முடியாமற்போன மகன் செய்த கடமை அது. அப்பா காலமானபோது நான் வெளிமாநிலத்தில் வேலையில் இருந்தேன் என்பதால், அந்தச் சிலைக்கு முன் நின்றபோது வெகுநேரம் என்னால் நகர முடியவில்லை.

வான்மீகத்தில் இதை ஒட்டிய ஓர் இடம் உண்டு. மந்தாகினியில் நீர்க்கடன் முடித்த இராமன், காட்டில் கிடைத்த இங்குதிப் பழத்தின் பிண்ணாக்கில் இலந்தையைக் கலந்து தருப்பையின்மேல் வைத்து, நாங்கள் உண்பது இதுதான், இதையே ஏற்றுக்கொள்ளுங்கள், மனிதன் எதை உண்கிறானோ அதையே அவனுடைய தெய்வங்களும் உண்கின்றன என்கிறான். நாடாண்ட கணவருக்கு வைக்கப்பட்ட அந்தப் பிண்டத்தைப் பின்னர் கோசலை பார்த்துக் கலங்குகிறாள். எங்கள் வீட்டுத் திவசங்களை அறிந்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு மிக நெருக்கமானது.

அப்பா கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். அதில் வரும் சிறு ஊதியத்தையும் கொஞ்சம் நஞ்சை நிலத்தையும் கொண்டு குடும்பம் நடந்தது. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் ஆண்டுகளில் குறுவை உண்டு. திறக்காத ஆண்டுகளில் வீட்டில் குருணைக் கஞ்சியும் கீரையும்தான். அப்படிப்பட்ட ஓர் ஆண்டில் தாத்தாவின் திவசம் வந்தது. வடை, பாயசம், அதிரசம், எள்ளுருண்டை என்று வழக்கமாகச் செய்வது எதற்கும் வழியில்லை. பாகற்காய் நூறு காய்களுக்கும், பிரண்டை முந்நூறு காய்களுக்கும், பலா அறுநூறு காய்களுக்கும் சமம் என்று திவசச் சமையலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பி அம்மா வேலியோரத்துப் பிரண்டையைத் துவையலாக அரைத்து, கொல்லையில் காய்த்த வாழைக்காயைப் பொரித்து, ஒரு ரசத்தோடு இலை போட்டார். அப்பா சற்றே தயங்கி நின்றபோது, "மாமாவுக்கு நம்ம வீட்டு நிலைமை தெரியாதா என்ன? படையுங்க" என்றார். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த வழிப்போக்கர் ஒருவருக்கும் அந்தச் சோற்றிலிருந்தே இலை விழுந்தது.

1980-களில் எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருந்த பெரியவர்கள் பலர். அவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவதும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் அப்பாவின் வேலையாகவே ஆகிவிட்டிருந்தது. தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழியும் சிவமயமும், முடிவில் தியாகேசர் துணையும் இல்லாமல் அவர் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பிரதோஷத்துக்கு அம்மாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவாரூர் போவார். திரும்பும்போது வர இயலாதவர்களுக்கெல்லாம் திருநீற்றைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வாங்கி வந்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பங்குனியில் ஆழித்தேர் ஓடிய மறுநாள், தேர் எந்த வீதியில் எப்போது திரும்பியது என்பதைப் படுக்கையில் கிடந்தவர்களுக்கு அருகே உட்கார்ந்து விவரிப்பார்.

அம்மாவுக்குத் திருமணத்தின்போது எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கோளறு பதிகத்தை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கற்ற எழுத்தை வைத்து அம்மா ஒரு நோட்டில் இறந்தவர்களின் பெயர்களையும் திதிகளையும் குறித்து வந்தார். அதில் இருந்தவர்கள் எங்கள் வம்சத்தார் மட்டும் அல்லர். எங்கள் இருவருக்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, மழையிலும் தபால் பையைச் சுமந்து வந்த ரன்னர், பிள்ளையில்லாமல் இறந்த வாத்தியார் என்று நினைக்க ஆளில்லாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள். மகாளயத்தில் இப்படிப்பட்டவர்களைக் காருண்ய பித்ருக்கள் என்று சொல்லி அவர்களுக்கும் எள்ளும் நீரும் விட இடமுண்டு. அந்தப் பெயர்களை அம்மா படிக்க, அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி நீர் விடுவார். சிறுவனாக இருந்தபோது இது ஏன் இவ்வளவு நேரம் நீள்கிறது என்றிருக்கும். இப்போது அந்த நீளத்தில்தான் அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் இருந்ததாகத் தோன்றுகிறது.

அரசலாற்றில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு அமர்ந்தேன். சாஸ்திரிகள் கோத்திரம் கேட்டார். அறியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்லலாம் என்று பக்கத்தில் இருந்த இளைஞருக்கும் சேர்த்துச் சொன்னார். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார், பின்னர் தாய், தந்தைவழிப் பாட்டி, அவருக்கு முந்தைய பாட்டி என்று பெயர்கள் வந்தன. அப்பாவின் பெயரைச் சொன்னபோது தடுமாறவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லும்போது குரல் எழவில்லை. வாழ்நாளில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாஸ்திரிகள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். தாய்வழிப் பெயர்களில் ஒன்றை நான் மறந்திருக்க, பின்னால் நின்ற அக்கா அதை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு நோட்டைப் பிரித்து அக்கா படித்தார், நான் நீர் விட்டேன். நான் எதிர்பார்த்ததைவிட அது வெகு நேரம் நீண்டது. தாய், தந்தை, நண்பர், உறவினர் என்று எவரும் இல்லாதவர்களும் நிறைவடையட்டும் என்ற மந்திரத்தோடு கடைசி நீரை விடச் சொன்ன சாஸ்திரிகள், அதற்கு முன், "வேறு யாருடைய பெயராவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். அம்மாவின் கடைசி ஆண்டுகளில், நாங்கள் இருவரும் வெளியூரில் இருந்தபோது, தினமும் வந்து தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டிய எதிர்வீட்டு அத்தை இந்த ஆண்டு போய்விட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவும் நானும் ஒரே நேரத்தில் அவர் பெயரைச் சொன்னோம்.

முக்தீசுவரருக்கும் அம்மைக்கும் அர்ச்சனை முடித்து, அருகிலுள்ள கூத்தனூருக்குச் சென்றோம். ஒட்டக்கூத்தர் வழிபட்ட சரசுவதி கோயில் அது; குழந்தைகளின் நோட்டுகளையும் பேனாக்களையும் அம்பிகையின் திருவடியில் வைத்து எடுத்துச் செல்ல எந்நாளும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அம்மாவின் நோட்டையும் கொடுத்து வைத்து வாங்கினோம். மண்டபத்தில் உட்கார்ந்து அக்கா அதைத் திறந்து, அம்மாவின் கையெழுத்து முடிந்த வரிக்குக் கீழே அத்தையின் பெயரையும், ஆவணி வளர்பிறை தசமி என்று திதியையும் எழுதினார்.