கரு இல்லை, இழைமணி இல்லை

அண்ணாவின் மகள் உயர்தரம் படிப்பதற்காக எங்களோடு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறாள். உயிரியல் பிரிவு. போன கிழமை அவளுடைய ரியூசன் கொப்பியைப் புரட்டியபோது ஒரு அட்டவணை கண்ணில் பட்டது. இடது பக்கம் புரோகரியோட்டா, அதாவது பற்றீரியா மாதிரிக் கருவில்லாத கலங்கள். வலது பக்கம் இயூகரியோட்டா, நம்முடையதைப் போலக் கருவுள்ள கலங்கள். கரு: இல்லை, உண்டு. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி: இல்லை, உண்டு. கொல்கியுடல்: இல்லை, உண்டு. இடது பக்கம் முழுக்க ஒரே இல்லைப்பாட்டு.

"வசதியில்லாத வீட்டில சம்பந்தம் பேசிப்போட்டு வந்து குறை சொல்ற மாதிரி எல்லோ இருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமி, சோதினையில இதைத்தான் கேட்பினம்."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இருபத்தாறு வருடமாக மருத்துவ ஆய்வுகூடத்தில் சளி, சீழ், சிறுநீர் என்று வருவதையெல்லாம் சிலைட்டில் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்குச் சோறு போடுகிறவர்களை இப்படி எழுதி வைத்தால்?

அன்றிரவு அம்மா கரைத்து வைத்த தோசை மா, விடியும்போது சட்டிக்கு வெளியே வழிந்து கிடந்தது. அதில் ஒரு கரண்டியைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு துளியைச் சிலைட்டில் மெல்லிதாகப் பரப்பி, காயவிட்டு, சுவாலையில் இரண்டு மூன்று தரம் காட்டி எடுத்தேன். கிறிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயடின் ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அற்ககோல், அது சில விநாடிதான். அந்த இடத்தில் கை பிந்தினால் எல்லாம் வெளிறிவிடும். கடைசியில் சஃப்ரனின். கிராம் என்ற டென்மார்க்காரர் 1884இல் சொல்லிவைத்த முறையில் இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை.

எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையில் பார்த்தால் அரிசித்துகள் இடைஞ்சலுக்கு நடுவே ஊதா நிறத்தில் உருண்டைகள், சோடி சோடியாக, சில இடங்களில் குட்டிச் சங்கிலியாக. கலச்சுவர் தடித்தவை, ஏறின ஊதாவை விடாது. பெயர் என்னவென்று கிராம் சாயம் சொல்லாது, ஆனால் உழுந்து மாவைப் பொங்க வைப்பதில் லியூக்கொனொஸ்ரொக் என்ற இனத்துக்குத்தான் பெயர். பக்கத்தில் ஒன்றிரண்டு பெரிய நீள்வட்டங்கள்: மதுவம், அதாவது ஈஸ்ற். அதற்குக் கரு உண்டு. கொப்பியின் இரண்டு பக்கமும் ஒரே சட்டி மாவுக்குள்! கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

கரு இல்லாததில் ஒரு வசதியும் இருக்கிறது. நம்முடைய கலத்தில் டீ.என்.ஏ.யைப் பார்த்துப் பிரதி எடுப்பது கருவுக்குள், புரதம் செய்வது வெளியே. பற்றீரியாவில் நடுவில் சுவரில்லை. பிரதி எழுதி முடியும் முன்பே புரதம் கட்டும் இறைபோசோம் வந்து தொற்றிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடும், ரியூசன் சேர் சொல்லச் சொல்லவே இவள் எழுதுவது போல. நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் ஈ. கோலை என்ற பற்றீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இழைமணி இல்லை என்பதோ இன்னும் பெரிய அநியாயம். இழைமணியே ஒரு காலத்தில் தனியே திரிந்த பற்றீரியா என்று உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். இன்றைக்கு அதுதான் பாடம். ஒருவரைப் பார்த்து "உன்னிடம் நீ இல்லையே" என்று சொல்கிற கதை.

அவள் கேட்டது வேறு. "அப்ப முதலாவது கலம் எங்கேயிருந்து வந்தது, மாமி?"

சரி, அதற்கு ஒரு காலிக்காரரைச் சொல்ல வேண்டும். சிரில் பொன்னம்பெரும. 1923இல் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்குத் தாவி நாசாவுக்குப் போனவர். 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் விண்கல் விழுந்தது. அவருடைய குழு அதை ஆராய்ந்து, உள்ளே புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் இருப்பதை அடுத்த வருடமே அறிவித்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் எது முளைத்தாலும் முதலில் எழும் சந்தேகம் "ஆற்றையேன் கை பட்டிருக்குமோ?" என்பதுதான். அங்கேயும் அதே சந்தேகம். பதில் கல்லுக்குள்ளேயே இருந்தது. அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. உயிர்கள் புரதம் செய்ய எடுப்பது இடக்கையை. கைரேகை அழுக்கென்றால் இடக்கைதான் மிஞ்சியிருக்கும். கல்லில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. இப்படியொரு விடையை என் மேசையில் ஒருநாள் பார்க்க மாட்டேனா என்று இருக்கிறது.

ஸ்ரான்லி மில்லர் என்ற வேதியியலாளர் 1953இலேயே மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி நான்கையும் குடுவைக்குள் அடைத்து மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலம் எடுத்திருந்தார். ஆனாலும் உழுந்தும் அரிசியும் கிடைத்ததே தவிர, இன்னும் ஒருவரும் தோசை சுடவில்லை. இதை மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கங்காராமைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பேர வாவி வழக்கம்போல் பச்சைப் பெயின்ற் கரைத்த மாதிரி. பாசி என்பார்கள், அதில் பெரும்பங்கு மைக்ரோசிஸ்ரிஸ், சயனோபற்றீரியா. இவற்றின் மூதாதையர் ஒளித்தொகுப்புச் செய்து வெளியே விட்ட ஒட்சிசன்தான் சுமார் 240 கோடி வருடத்துக்கு முன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. அவள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒட்சிசன் தந்ததுகள் ஏன் இப்பிடி நாறுது?" என்றாள். நாங்கள் கானில் விடுகிற நைதரசனையும் பொசுபரசையும் தின்று அளவுக்கு மிஞ்சிப் பெருகி, செத்து அழுகினால் நாறாமல் என்ன செய்யும்? அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு சோடி அன்னப் படகை மிதித்துக்கொண்டு போனது.

இரவு பார்த்தால் அட்டவணையின் அடியில் ஒரு புது வரி. வயது: ஏறக்குறைய 350 கோடி வருடம். வலது பக்கம், அதில் பாதி. பென்சிலால் எழுதியிருந்தாள். கொப்பியை சேரிடம் காட்ட முன் அழித்துவிடுவாளாம்.