பிராக் நகரில் ஒரு பகல்

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நான், சென்ற கோடையில் பன்னிரண்டு மாணவர்களுடன் ஐரோப்பா சென்றிருந்தேன். செக் நாட்டின் தலைநகரான பிராகில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல்தான். மாணவர்களில் ஐவர் அல்சூரிலும் விவேக் நகரிலும் தமிழ் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்கள்.

காலையில் கோட்டை வளாகத்திலுள்ள புனித விட்டஸ் பேராலயத்துக்குச் சென்றோம். 1344-இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் 1929-இல்தான் நிறைவுற்றது. கூட்டம் நெருக்கியதால் அரை மணி நேரத்தில் வெளியே வர நேர்ந்தது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

அங்கிருந்து இறங்கி, வல்டாவா ஆற்றின் மேலுள்ள சார்லஸ் பாலத்துக்கு வந்தோம். மன்னர் நான்காம் சார்லஸ் அதற்கு அடிக்கல் நாட்டியது 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் நாள், 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்தில் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். எண்களை வரிசையாக எழுதிப் பார்த்த மாணவர்கள், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அவை ஒன்றே என்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள். அதே மன்னர் 1348-இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில்தான் செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்தார், பிறகு அங்கேயே தமிழும் கற்பித்தார் என்று நான் சொன்னபோது, “இந்த ஊரிலேயா மேடம், தமிழா?” என்று அல்சூர் மாணவி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்பு, வானியல் கடிகாரம் உள்ள பழைய நகர மன்றக் கோபுரத்தடியில் இடம் பிடித்தோம். எலும்புக்கூட்டுப் பொம்மை மணிக்கயிற்றை இழுக்க, மேலேயுள்ள சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் வலம் வருவதைக் காணத்தான் அங்கே கூட்டம் சேர்கிறது. அது கலைந்த பிறகுதான், 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த வானியல் கடிகாரத்தின் முகப்பை எங்களால் நிதானமாகப் படிக்க முடிந்தது. வெளிவட்டத்தில் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை பொன்னிற எண்கள் உள்ளன. ஆனால் அந்த வட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவின் பழைய வழக்கில் ஒரு நாள் சூரியன் மறையும்போது முடிவதால், அந்த நேரத்தில் முள் இருபத்து நான்கில் நிற்கும்படி, ஆண்டு முழுவதும் வட்டம் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பஞ்சாங்கத்தை மடியில் விரித்து உதயாதி நாழிகை கணக்கிடும் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவருக்கு நாள் உதயத்தில் பிறந்தது, இவர்களுக்கு அஸ்தமனத்தில். உள்ளே சுழலும் ராசி வட்டத்தில் ரிஷபத்தையும் தனுசையும் குறிகளைக் கொண்டு மாணவர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். 1945 மே மாதச் சண்டையில் தீக்கிரையாகிப் பெரிதும் சிதைந்த கடிகாரப் பொறியை 1948-க்குள் மீண்டும் ஓடவைத்தவர்களை நான் மனமார வணங்குகிறேன்.

மாலையில் யூதர் குடியிருப்பிலுள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்குச் சென்றோம். போஹீமியாவிலும் மொராவியாவிலும் வாழ்ந்து, நாஜிகளின் கொடுமைக்குப் பலியான ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் உட்சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. 1950-களில் எழுதியவை பின்னர் அழிந்துபோக, 1990-களில் அத்தனை பெயர்களையும் மறுபடி எழுதியிருக்கிறார்கள். மாடியில், நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன், சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்துவிட்டுச் சென்றார். படங்களில் பெயரை எழுதிவைக்கும்படி அவர் பிள்ளைகளை வற்புறுத்திவந்தார் என்பதை, வகுப்பில் தினமும் பெயர் கூப்பிடும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அல்சூர் மாணவி ஒரு வீட்டுப் படத்தின் முன் நின்று, அதை வரைந்த குழந்தையின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துத் தன் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள்.