உழவுச்சால் மேல் ஓர் எண்

ஜூலை 7, 2024, ஞாயிறு, தருமபுரி

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டைகர் டாங்கியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் செய்கிறேன். அதன் முதல் டீகாலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படத்தை, இன்று ஒட்டினேன். எம்-சீலைப் பிசைந்து பூசி, ஈரக் கத்தி முனையால் ஜிம்மெரிட் என்ற பூச்சின் வரிகளை இழுத்து, பளபளப்பில்லாத மேட் வண்ணம் அடித்து முடிக்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது. பீரங்கி பொருத்திய டரட்டின் இடப்பக்கம் 332 என்ற எண். தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, பஞ்சால் ஒற்றினேன். ஈரம் இருந்தவரை அழகாக இருந்தது. ராத்திரி பார்த்தால் எண்ணைச் சுற்றிலும் சாம்பல் வெள்ளையாக ஒரு பளபளப்பு. மாடல் செய்பவர்கள் இதை சில்வரிங் என்பார்கள்.

டீகாலின் மை ஒரு மெல்லிய படலத்தின் மேல்தான் அச்சாகியிருக்கிறது. அந்தப் படலம் பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டுக்கு மேடு பாலம் போட்டு நின்றுவிட்டது. அடியில் மாட்டிக்கொண்ட காற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. போதாததற்கு மேட் வண்ணமே நுண்ணிய சொரசொரப்பு உள்ளது. ஆக இரண்டு வகைக் கரடுமுரடு, இரண்டிலும் காற்று. டேப்பை ஒட்டி இழுத்து டீகாலை எடுத்துவிட்டேன். வண்ணம் பிழைத்தது.

ஜூலை 8, திங்கள்

வரிகள் இல்லாத டாங்கியைச் செய்திருக்கலாமே என்று நண்பன் கேட்டான். எனக்கு இந்தப் பூச்சுதான் வேண்டும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கண்ணிவெடிகள் இரும்பில் பிடிக்காமல் இருக்க ஜெர்மானியர்கள் பூசியது இது. 1943இலிருந்து தொழிற்சாலையிலேயே பூசினார்கள், 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். பேரியம் சல்பேட், பாலிவினைல் அசிடேட், காவி மண், துத்தநாக சல்பைடு, மரத்தூள் எல்லாம் கலந்த பசை. பாலிவினைல் அசிடேட் வேறொன்றுமில்லை, தச்சர்கள் கையில் இருக்கும் வெள்ளைப் பசைக்கு மூலப்பொருள். கொத்தனார் கரண்டியால் இழுப்பதுபோல் ஆட்கள் கையால் இழுத்த வரிகள் இவை. பாலக்கோடு பக்கம் கேழ்வரகுக்கு உழுதுபோட்ட நிலத்தை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

எண்ணை அந்த வரிகளின் மேல் பெயின்டால் எழுதினார்கள். முதல் இலக்கம் கம்பெனி என்ற படைப்பிரிவு, அடுத்தது அதற்குள் பிளாட்டூன் என்ற சிறு பிரிவு, கடைசி அந்த வண்டி. பெயின்ட் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். என் டீகாலும் இறங்கியே ஆக வேண்டும். மேலே மிதந்தால் அது எண் இல்லை, ஸ்டிக்கர்.

ஜூலை 10, புதன்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கருங்கல் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். சுவரில் முதலில் பசை, அதன்மேல் தாள், தாளின் மேலும் நிறையப் பசை. அப்புறம் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார். நின்று பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“மேலயும் எதுக்கு அண்ணே இவ்ளோ பசை?”

“அடியில மட்டும் பூசுனா பள்ளத்துல காத்து நின்னுக்கும் தம்பி. மேலயும் பூசுனாத்தான் தாள் ஊறி, கல்லு எப்படி இருக்கோ அப்படியே படியும். ஊறுன தாள்ல கை வெக்கக் கூடாது, கிழிஞ்சிரும்.”

என் மேசையில் இருக்கும் இரண்டு புட்டிகளும் இதைத்தான் செய்கின்றன. மிஸ்டர் மார்க் செட்டர் அடியில், மிஸ்டர் மார்க் சாஃப்டர் மேலே. செட்டர் டீகாலைப் பிடித்துக்கொள்ளும், சாஃப்டர் படலத்தை இளக வைக்கும். இத்தனை நாள் தட்டையான விமான இறக்கைகளிலேயே ஒட்டிப் பழகியதால் சாஃப்டரை ஒரு துளிக்கு மேல் நான் தொட்டதில்லை.

ஜூலை 13, சனி

எண் வரும் இடத்தில் மட்டும் டாமியா எக்ஸ்-22 கிளியர் என்ற நிறமில்லாத வார்னிஷை நன்றாக நீர்க்கவிட்டு இரண்டு முறை ஸ்ப்ரே செய்தேன். வண்ணத்தின் நுண்சொரசொரப்பு அடங்க வேண்டும், வரிகள் நிரம்பக் கூடாது. கெட்டியாக அடித்தால் மூன்று வார வேலை வார்னிஷில் மூழ்கிவிடும்.

காயும் நேரத்தில், எண்ணின் உயரம் எவ்வளவோ அந்த இடத்தில் தையல் நூலை ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ஊசியால் அழுத்தி மேலிருந்து கீழே இறக்கினேன். எண்ணின் உயரம் 10 மி.மீ. நூல் பிடித்த நீளம் 12 மி.மீ. அந்த 2 மி.மீ. எங்கிருந்து வரும்? படலம் நீள வேண்டும், இல்லாவிட்டால் கிழிய வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் தீராத கணக்கு இது. முதலிலேயே நூலை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

332ஐ மூன்று தனி எண்களாக வெட்டினேன். ஓரத்துப் படலத்தையும் புது பிளேடால் மை வரை நறுக்கினேன். வெறும் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு சில்வரிங்கும் குறையும்.

முதல் 3: செட்டர், டீகால், ஒற்றல், பிறகு தாராளமாக சாஃப்டர். இரண்டு நிமிடத்தில் வாடிய வெற்றிலைபோல் சுருங்கியது. கை பரபரத்தது, ஆனால் தொடவில்லை. அரை மணியில் தானாகவே படிந்தது.

இரண்டாவது 3இல் பொறுக்காமல் ஈர பிரஷ்ஷால் ஒரு சுருக்கத்தை நீவினேன். நடு வளைவு கிழிந்துவிட்டது. போஸ்டர் ஒட்டிய அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தாளில் இன்னொரு 3 இருந்தது, நல்லவேளை.

ஜூலை 16, செவ்வாய்

காய்ந்தபின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஏழெட்டு பள்ளங்களில் இன்னும் வெள்ளி. மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குத்து. இழுத்துக்கொண்டு நின்ற இடங்களில் பள்ளத்தின் போக்கிலேயே பிளேடால் ஒரு கீறல். மேலே மறுபடி சாஃப்டர். கீறல் விழுந்த இடத்தில் படலம் இரண்டாகப் பிரிந்து உள்ளே இறங்கியதைக் கண்ணாலேயே பார்த்தேன். அந்த 2 மி.மீ. இந்தக் கீறல்களிலிருந்துதான் வருகிறது. மூன்று ராத்திரி இதே வேலை.

ஜூலை 19, வெள்ளி

ஆடி பிறந்து மூன்றாம் நாள். காற்று ஜன்னலை அடிக்கிறது, மேசை முழுக்கச் செம்மண் தூசி. இதில் கிளியர் அடித்தால் தூசியும் சேர்ந்து உறைந்துவிடும். டாங்கியை சோறு மூடும் கூடையால் கவிழ்த்து வைத்துவிட்டு, கீறல்கள் அகன்ற இடங்களில் வெள்ளை அக்ரிலிக்கை 000 பிரஷ்ஷின் நுனியால் தொட்டு நிரப்பினேன்.

ஜூலை 21, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்று அடங்கியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்க ஒரு மெல்லிய கிளியர், மதியத்துக்கு மேல் மேட் கோட்.

மாலையில் ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். எந்தக் கோணத்திலும் வெள்ளி இல்லை. 3இன் வெள்ளை ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்கிப் போகிறது. இரண்டாவது 3இன் கீழ்வளைவில் ஒரு பள்ளம் மட்டும் நிரம்பாமல் பச்சை தெரிகிறது. பிரஷ் நழுவிய இடத்தில் டாங்கியில் எழுதியவருக்கும் இப்படித்தான் விட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. அதைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு வலப்பக்கத்து 332.