மண் பிடித்து வைக்கும் நீரைக் கணித்தவர்

பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் கணினி மாதிரிகளைப் பற்றிய பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு பெயரை இங்கே நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன்: அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய நீரியல் அறிஞர் வால்டர் ரால்ஸ்.

ஒரு மண்ணில் உள்ள நீரில் எவ்வளவு பயிருக்குக் கிடைக்கும் என்பதை நேரடியாக அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நீரில் ஊறிய மண்ணைப் பீங்கான் தட்டில் பரப்பி, மூடிய கலத்துக்குள் 1500 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுத்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை நாட்கணக்கில் காத்திருந்து, எடை பார்த்து, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மறுபடியும் எடை பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பின் கிடைப்பது நிரந்தர வாடல் நிலை, அதாவது பயிரின் வேர்கள் அதற்குமேல் நீரை உறிஞ்ச முடியாத ஈர அளவு, என்ற ஓர் எண் மட்டுமே. எல்லா வயல்களுக்கும் இதை யார் செய்து முடிப்பது?

ரால்ஸ், பிரேகன்சீக், சாக்ஸ்டன் ஆகிய மூவரும் 1982-இல், 32 மாநிலங்களைச் சேர்ந்த 1,323 மண்களின் அளவீடுகளைத் திரட்டி, மணல், வண்டல், களி விகிதம், கரிமப் பொருள், பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த கனஅளவுக்கு உலர்ந்த மண்ணின் எடை) ஆகியவற்றிலிருந்தே நீர்ப்பிடிப்பைக் கணிக்கும் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். சமன்பாடுகளைவிட, சிதறிக் கிடந்த அளவீடுகளை அவர்கள் சளைக்காமல் திரட்டியதே பெரிய பணி என்பது என் எண்ணம். 2006-இல் சாக்ஸ்டனும் ரால்ஸும் வெளியிட்ட புதிய வடிவம் மண் இறுக்கம், சரளைக்கல், உப்புத்தன்மை ஆகியவற்றின் விளைவையும் கணக்கில் கொண்டது.

இவை அமெரிக்க மண்களிலிருந்து பிறந்தவை என்பதால், வெப்பமண்டல மண்களுக்குப் பயன்படுத்துவோர் சில மண் மாதிரிகளையாவது ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.