தாய்மாமன் பேரு கீழ கீது

காதணி விழாப் பத்திரிகைன்னா எங்க டிடிபி கடையில ஒரு எழுதாத சட்டம் உண்டு. ப்ரூஃப் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேலை டிராயர்ல போட்டுப் பூட்டிடணும். அன்னைக்குப் பையன் பூட்டல.

கல்மண்டபம் பக்கத்துல கடை. வந்தவர் குழந்தையோட தாய்மாமன், காசிமேட்டுல மீன்பிடி லாஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பத்திரிகையில இடது பக்கக் கட்டத்துல பெரியப்பா பேர், வலது பக்கம் இவர் பேர். "எம்பேரை மட்டும் பெருசா போடுபா. எம்மடியில உக்கார வெச்சுதானே காது குத்தப் போறாங்கோ"ன்னு முந்தின நாளே சொல்லிட்டுப் போயிருந்தார். நியாயம்தான். எழுத்தளவு பெரியப்பாவுக்கு 18 பாயின்ட், இவருக்கு 24.

ப்ரூஃபை வாங்கினவர் ஸ்கேலைக் குறுக்கே வெச்சார். முகம் மாறிடுச்சு.

"இன்னாபா இது? அவரு பேரு மேல கீது, எம்பேரு கீழ கீது?"

ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனா விசேஷ வீட்டுல அதுக்கே பந்தல் ரெண்டாப் போயிடும்.

விஷயம் என்னன்னா, நாங்க பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல கட்டம் போட்டு டைப் பண்ணா முதல் வரி எங்க உக்காரணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். நாம ஒண்ணும் சொல்லலைன்னா 'அசென்ட்'தான். எழுத்தோட தலை கட்டத்து மேல்விளிம்பை ஒட்டி நிக்கும். தலை மேலயே நின்னுட்டா, எழுத்து பெருசாகப் பெருசாக அடி கீழதானே போகணும்? ஆக, பெருசா போடச் சொன்னதாலதான் மனுஷன் இறங்கிட்டார். இதை அவர் மூஞ்சியைப் பார்த்து யார் சொல்றது!

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பையன் பேரை செலக்ட் பண்ணி ஷிஃப்ட், ஆல்ட், மேல் அம்பு மூணையும் சேர்த்துத் தட்ட ஆரம்பிச்சுட்டான். பேஸ்லைன் ஷிஃப்ட், அதாவது எழுத்து உக்கார்ற கோட்டை விட்டு எழுத்தை மேல ஏத்துறது. ஒரு தட்டுக்கு 2 பாயின்ட். பேர் ஏறிக்கிட்டே போகுது, அதுக்குக் கீழ இருக்கிற 'குழந்தையின் தாய்மாமன்' அங்கயே நிக்குது.

"டேய், நடுவுல இம்மாம் எடம் உட்டா இன்னா அர்த்தம்? ஒறவையே அத்துட்டியே!"

மவுசை நான் வாங்கிக்கிட்டேன். ஷிஃப்டை எல்லாம் எடுத்துட்டு, டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ்ல பேஸ்லைன் ஆப்ஷன்ஸ் போய், ஃபர்ஸ்ட் பேஸ்லைனை ரெண்டு கட்டத்துக்கும் 'ஃபிக்ஸ்டு'ன்னு மாத்தி ஒரே அளவு கொடுத்தேன். நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு.

அதுக்கும் மசியல. தமிழ் எழுத்து லேசுப்பட்டதா? இவர் பேர்ல மு, கு. ரெண்டும் கோட்டுக்குக் கீழ இறங்கும். பெரியப்பா பேர்ல வீ, ரி. ரெண்டும் மேல சுழிக்கும்.

"அவருக்குக் கிரீடம் வெச்சுகிற. எனக்கு வாலு உட்டுகிற."

"ண்ணா, லாஞ்சு தண்ணியில நிக்கசொல்ல ஒரு கோடு தெரியும்ல? அடியில எம்மாம் இருந்தாலும் கோடு கோடுதானே. இதுவும் அப்படித்தான்"ன்னேன்.

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். பெயின்ட் அடிக்கிறவருக்கு அந்தக் கோடு தெரியாதா?

"செரி. இப்போ எம்பேரை இன்னும் பெருசாக்கு."

28 வெச்சேன். அடி அசையல. தலை மட்டும் கட்டத்தைத் தாண்டி, பெரியப்பாவோட கிரீடத்துக்கும் மேல போய் நின்னுச்சு. வந்ததுல இருந்து முதல் தடவையா மனுஷன் சிரிச்சார்.

"கோடு ஒண்ணுதானே? பெரிப்பா வந்து கேட்டா அத்த மட்டும் சொல்லு. 300 கார்டு அடிச்சிரு."