கேஷ் வேனுக்கு ஜாக்கெட் வாங்கப் போய்ப் பட்ட பாடு

புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்பவர் வாயால் சொல்லும் எடையை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். நான் கட்டவில்லை. கட்டச் சொல்லி எங்கள் ஆபீசில் கொடுத்த நெருக்கடி கொஞ்சநஞ்சமல்ல.

நான் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கம்மவான்பேட்டை பக்கம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் என்பது வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஊர் திரும்பியவர்களில் பலர் கன்மேன் வேலைக்குப் போவார்கள். நான் இப்போது ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேன்களில் கன்மேன்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். உள்துறை அமைச்சகத்தின் 2018 மாதிரி விதிகளின்படி வேனில் டிரைவர் போக ஆயுதம் தாங்கிய காவலர் இரண்டு பேர், பணத்துக்குப் பொறுப்பான கஸ்டோடியன் இரண்டு பேர் இருக்க வேண்டும். நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல், கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேல் பணம் நிரப்பக் கூடாது. ஆக, எங்கள் பிழைப்பு பெரும்பாலும் வெயிலில்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், துப்பாக்கியோடு ஏடிஎம் வாசலில் நிற்பவன் மேல் பத்துக் கிலோவை மாட்டினால் திருடன் வருவதற்கு முன்பே அவன் மயங்கி விழுவான். எடை குறைவாக வேண்டும் என்று நான் அடம் பிடித்தது அதனால்தான்.

மேனேஜர் முதலில் ஆன்லைனில் நாலாயிரம் சொச்சத்துக்கு ஒன்றைக் காட்டினார். "படத்துல சூப்பரா இருக்கே சார்" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழே விவரத்தில் பொடி எழுத்தில், விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் என்று போட்டிருந்தது. பை மட்டும்தான் நிஜம், உள்ளே வருவது ஃபோம் அட்டை. 2018ல் ராணுவம் 1,86,138 ஜாக்கெட்டுகளை 639 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. வகுத்துப் பாருங்கள், ஒன்று முப்பத்து நாலாயிரத்துக்கு மேல் வரும். லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கே அந்த விலை என்று சொன்ன பிறகுதான் மேனேஜர் கம்மென்று ஆனார். ஜெம் தளத்தில் விலை பார்க்கலாமே என்று கணக்குப் பிரிவில் ஒரு யோசனை வந்தது. அது அரசுத் துறைகள் வாங்குவதற்கான சந்தை. தனியார் ஏஜென்சி அங்கே வேடிக்கைதான் பார்க்கலாம்.

அப்புறம் சென்னையில் ஒரு டீலரைப் பிடித்தோம். போனில் ஏஜென்சியின் பசாரா லைசென்ஸ் (தனியார் பாதுகாப்பு ஏஜென்சி நடத்துவதற்கான உரிமம்) நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், இவ்வளவுதான் கேட்டார்கள். காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறிப் போனேன். அங்கே இருந்த அம்மா இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், ஜிஎஸ்டில வேலூர் மாவட்டம்னு இருக்கு. லைசென்ஸ்ல ராணிப்பேட்டை மாவட்டம்னு இருக்கு. எது சரி?"

"ரெண்டும் சரிதாம்மா. 2019ல மாவட்டத்த மூணாப் பிரிச்சாங்க. ஆபீஸ் வாலாஜால அதே இடத்துலதான் இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

கதவு எண் ஒன்று, தெரு ஒன்று, பின்கோடு ஒன்று. காட்டினேன். முதலாளி வெளியூரில் இருக்கிறார், அவர் வந்தால்தான் ஆச்சு என்றார். ஜாக்கெட்டைக் கண்ணால் பார்க்கவாவது விடுங்கள் என்றேன். பேப்பர் சரியானால்தான் சாம்பிள் வெளியே வருமாம். அன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் தயிர்சாதம் சாப்பிட்டதுதான் மிச்சம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்து ஆட்கள் ஜிஎஸ்டி முகவரியைத் திருத்திவிட்டு ரயில் ஏறுங்கள். எங்கள் ஆடிட்டர் ஆன்லைனிலேயே திருத்தினார், அதில் ஒன்றும் சிரமம் இல்லை.

பேப்பர் சரியானதும் டீலரே ஒரு தம்பியிடம் சாம்பிள் கொடுத்து அனுப்பினார். வந்தவுடனே, "ஃபுல் செட்டே ரெண்டரைக் கிலோதான் சார், போட்டதே தெரியாது" என்றான். கையில் தூக்கிப் பார்த்தேன். இந்தக் கை இருபது வருடம் ஜாக்கெட் தூக்கின கை. "வா தம்பி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று மண்டித் தெருவுக்குக் கூட்டிப் போய், தெரிந்த அரிசி மண்டியில் எலக்ட்ரானிக் தராசில் வைக்கச் சொன்னேன். கேரியர் என்கிற வெளிச் சட்டை, அதற்குள் முன்னும் பின்னும் நாரால் ஆன மென்தகடு, இரண்டு கெட்டி பிளேட், எல்லாம் சேர்த்து 6.4 கிலோ. மண்டிக்காரர், "இன்னா சார், இதுல பாதி அரிசி மூட்டை வந்துடும் போலிருக்கே" என்றார். தம்பி முகம் செத்துவிட்டது. "பிளேட்டு தனி சார், நாங்க சொன்னது பிளேட் இல்லாத வெயிட்டு" என்றான். பிளேட் இல்லாமல் வைத்தோம். அப்போதும் மூன்றரை. கேரியரை மட்டும் வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தோளில் தடித்தடியாகப் பஞ்சு, எங்கு பார்த்தாலும் பை மாட்டும் பட்டை, கனத்த நைலான். தேவையில்லாத கனம் அத்தனையும் அங்கேதான் இருந்தது.

எடை குறைப்பது முதலில் கேரியரில்தான் என்பது அந்தத் தராசில்தான் எனக்கு உறைத்தது. மெல்லிய துணியில், பட்டைகளைத் தைக்காமல் துணியிலேயே துளை வெட்டிய கேரியர் முக்கால் கிலோவுக்குள் கிடைக்கிறது. பிளேட்டில் குறைப்பதுதான் கஷ்டம். 2021ல் டிஆர்டிஓவின் கான்பூர் ஆய்வகம் ராணுவ ஜாக்கெட்டை மீடியம் சைசில் 10.4 கிலோவிலிருந்து 9 கிலோவுக்குக் கொண்டுவந்தது பெரிய செய்தியானது. அந்த ஒன்றே கால் கிலோ சொச்சத்துக்கு ஒரு ஆய்வகமே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது. இதைத் தெரிந்தவன் முன்னால் இரண்டரைக் கிலோவில் ரைபிள் தோட்டாவைத் தடுக்கும் முழு செட் என்று கதை விடக் கூடாது.

அடுத்து சோதனைச் சான்று. தம்பி கொடுத்த ஜெராக்ஸில் முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டு உறையின் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாடல் எண் வேறு. எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் லாட் எண் சான்றில் இல்லவே இல்லை. "எல்லாம் ஒரே மெட்டீரியல்தான் சார்" என்றான். அப்படியானால் அந்த மெட்டீரியலுக்கு உரிய பேப்பரைக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், உயிர் விஷயம். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 17051, 2018ல் வந்தது, ஆறு நிலைகள். அமெரிக்கத் தரம் என்ஐஜே. அதில் மூன்று-ஏ என்பது கைத்துப்பாக்கித் தோட்டா வரைக்கும்தான். மூன்று என்பது ரைபிளின் சாதாரணத் தோட்டாவுக்கு, நான்கு கவசத்தைத் துளைக்கும் தோட்டாவுக்கு. நம் ஊர் 'லெவல் 3'யும் அவர்களுடைய 'லெவல் 3'யும் ஒன்றில்லை, விற்பவர்கள் எது வசதியோ அதைச் சொல்வார்கள். 2023 கடைசியில் அமெரிக்கர்கள் பெயரையும் மாற்றிவிட்டார்கள். மூன்று-ஏ இப்போது எச்ஜி2, மூன்று ஆர்எஃப்1, நான்கு ஆர்எஃப்3, நடுவில் புதிதாக ஆர்எஃப்2. என்ஐஜே சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே மாடல் எண் இல்லையென்றால் 'என்ஐஜே தரம்' என்று லேபிளில் அடித்திருப்பது வெறும் மை.

இன்னொரு வம்பு: சில பிளேட்டுகள் தனியாகவே தடுக்கும், சில பின்னால் மென்தகடு இருந்தால்தான் தடுக்கும். லேபிளில் ஐசிடபிள்யூ என்று மூன்று எழுத்து இருந்தால் அது இரண்டாவது ஜாதி. எங்களுக்கு வந்த சாம்பிளும் அதுதான். மேனேஜர் சொன்னபடி காசு மிச்சம் பிடிக்க மென்தகட்டைக் கழற்றிவிட்டு பிளேட்டை மட்டும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கத்தி விஷயம் யாருமே தானாகச் சொல்லவில்லை. எங்கள் ரூட்டில் ஏகே 47 எங்கே வரப்போகிறது? வந்தால் அரிவாள், கத்தி, மிஞ்சினால் நாட்டுத் துப்பாக்கி. தோட்டாவைத் தடுக்கும் மென்தகடு கூர்மையான கத்திக் குத்தைத் தடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. குத்துக்கு என்ஐஜே தனித் தரமே வைத்திருக்கிறது, 0115 என்று எண். துப்பாக்கிச் சான்றில் சுட்டுப் பார்ப்பதும் கைத்துப்பாக்கி, ரைபிள் தோட்டாக்களை மட்டும்தான், 12 போர் வேட்டைத் துப்பாக்கி அதில் வராது. போனில் கேட்டபோது டீலர், "எல்லாத்தையும் தடுக்கும் சார்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத்தில் வந்தபோது 'குத்துக்குச் சோதிக்கப்படவில்லை' என்று வந்தது. எழுதிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பிறகு இரண்டு தரத்துக்கும் சான்றுள்ள தகடு கேட்டு வாங்கினோம். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், விலையும் கூட. பரவாயில்லை.

சரியான சாம்பிள் வந்ததும் நான் விற்பனைத் தம்பியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தவில்லை. எங்கள் கன்மேன் ஒருவரைப் போட்டுக்கொண்டு வேனுக்குள் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் பிளேட்டின் அடிப்பக்கம் பெல்ட்டில் முட்டி, மேல்பக்கம் தொண்டையை இடித்தது. பிளேட்டின் மேல் விளிம்பு கழுத்தெலும்புக்கு நடுவில் இருக்கும் குழியளவுக்கு வர வேண்டும். அதற்காகப் பட்டையை ஏற்றினால் உட்கார்ந்தபோது இடித்தது, இறக்கினால் நெஞ்சின் மேல்பாதி திறந்து கிடந்தது. பிளேட் சின்ன சைசாக வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றச் சொன்னேன். பின்கட்டை தோளில் பக்கிள் மேல் ஏறி வழுக்கிக்கொண்டே போனது. "அண்ணே, இதுல சுட்டா தாடையே போய்டும்" என்றார் அவர். கடையில் நின்று போட்டுப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

பக்கிளைத் தோளிலிருந்து கீழே இறக்க ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். தோல் தைக்கும் மெஷின், நூலும் அதற்கேற்ற கனம். உட்கார்ந்த இடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். சென்னை டீலர் அதே வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றிருந்தார். ஒன்று மட்டும் கவனம்: தகடுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கேரியரை மட்டும் கொண்டு போங்கள். தகட்டு உறையில் ஒரு ஊசி ஏறினால் ஈரம் உள்ளே போகும், மென்தகட்டில் இருக்கும் ஆரமிட் நாருக்கு ஈரமும் வெயிலும் ஆகாது.

கடைசியில் முடிவானது இது. எல்லோருக்கும் முக்கால் கிலோ கேரியர், முன்னும் பின்னும் மென்தகடு. வாசலில் நிற்கும் கன்மேனுக்கு மட்டும் முன்னால் ஒரு பாலிஎத்திலீன் பிளேட், தனியாகவே தடுக்கும் ரகம். அதே மண்டித் தராசில் கன்மேன் செட் நாலரைக் கிலோவுக்குள் வந்தது. செராமிக் இன்னும் வலுவான தோட்டாவைத் தடுக்கும். ஆனால் கனம், கீழே போட்டால் விரிசல் விடும், விரிசல் வெளியே தெரியவும் தெரியாது. எங்கள் பையன்கள் வேன் தரையில் சாமான் போடும் அழகைப் பார்த்த பிறகு அது வேண்டாம் என்று விட்டேன். இரும்பு பிளேட் மலிவு என்று ஒருவர் சொன்னார். தோட்டா பட்டால் சிதறல் தெறித்து முகத்துக்கு வரும்.

பாலிஎத்திலீனுக்குச் சூடு எதிரி. பூட்டிய வேனுக்குள் மத்தியான வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் இருந்தால் இந்த ரகத்தைத் தொடாதீர்கள். எங்கள் ஆபீசில் ஃபேன் ஓடும் அறையில் ஆணி அடித்து அகலமான ஹேங்கர் மாட்டியிருக்கிறோம். வியர்வைக்குக் கேரியரை மட்டும் கையால் அலசி நிழலில் உலர்த்துகிறோம். உள்ளே பருத்தி பனியன் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பவன் கேட்கிறான்.

ஒரு கஸ்டோடியனுக்கு எக்ஸ்எல் சைஸ் இன்னும் வரவில்லை. கணக்குப் பிரிவில் பாக்கியை அனுப்பிவிடலாமா என்று தினமும் கேட்கிறார்கள். அந்தத் தகட்டின் லாட் எண்ணும் அதற்குரிய சான்றும் என் கைக்கு வந்தால்தான் செக்கில் கையெழுத்துக்குச் சிபாரிசு செய்வேன் என்று மெயில் போட்டிருக்கிறேன்.